அட்டைப்பெட்டியும் அப்பாவின் ஸ்டியரிங்கும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஓடுகிற எந்த வண்டி எங்கே ஒழுகுகிறது என்பது அந்த வண்டிக்குத் தெரிவதற்கு முன்பே அட்டைப்பெட்டிக்குத் தெரிந்துவிடும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் தம்பின் ஊர்ப் பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் என்னைவிடக் கூட்டிச் சொல்வார்கள்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த ஃபாதருக்கும் அடையாள அட்டை கொடுத்த அலுவலகத்துக்கும் அது தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் அட்டைப்பெட்டி. நேரில் மட்டும் 'அங்கிள்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். ஒட்டடைக்குச்சி உயரம், காதோரம் ஒரு பென்சில், மார்பில் எஸ்டேட் பெயர் பாதி அழிந்த காக்கிச் சட்டை. எஸ்டேட் நிர்வாகம் தன் பட்டறையை எப்போதோ மூடிவிட்டது. அந்தச் செய்தி இவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், செம்பனைக் காட்டின் ஓரத்தில் நின்ற அந்தத் தகரக் கொட்டகையைத் தினமும் காலை ஏழரைக்குத் திறந்து, மாலை ஐந்துக்குப் பூட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி ஒழுகுகிறது என்று யாராவது வந்து நின்றால் அவர் போனட்டைத் திறக்கமாட்டார். வண்டிக்காரர் சொல்வதையும் கேட்கமாட்டார்.

"வண்டிக்காரன் சொல்றதுல பாதி பொய், மீதி ஞாபகமறதி. அட்டை பொய் சொல்லாது."

சாலை முனையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், மீ நூடுல்ஸ் பாக்கெட் வந்த பெட்டிகளை இவருக்காகவே மடித்து வைத்திருப்பார். அதில் ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரிப்பார். நான்கு சக்கரமும் எங்கே நிற்கின்றன என்று பென்சிலால் குறிப்பார். முன், பின், வண்டி எண், உரிமையாளர் பெயர், தேதி எல்லாம் எழுதுவார். மூன்று நாள் கழித்து அட்டையை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பார்த்து முடித்த அட்டைகளைத் தூக்கிப் போடவும் மாட்டார். கொட்டகைச் சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் பிறப்புப் பத்திரத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி ஒருமுறை புதுக் கார் வாங்கினார். நான்காவது நாளே அடியில் ஈரம் கண்டு, முகம் வெளுத்து ஓடிவந்தார். மூன்று நாள் அட்டை போட்டாயிற்று. அட்டைப்பெட்டி ஈரத்தில் விரலை வைத்தார், நாக்கில் தடவினார்.

"தண்ணி. ஏர்கோன் தண்ணி."

"நல்லாப் பாருங்க அங்கிள். பெரிய பழுதா இருக்கப் போவுது."

"இன்னொரு தடவ நக்கிப் பாக்கவா?"

கிராணி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய வண்டிக்குப் பெரிய வியாதியாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அது நிறைவேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார். நகத்து அழுக்கு மட்டும் வார நாள் மாதிரியே இருக்கும். ஒரு ஞாயிறு பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது சன்னல் வழியே ஃபாதரின் காரைப் பார்த்தவர், சத்தமில்லாமல் எழுந்து போய் அதன் அடியில் அட்டையை விரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பூசை முடிந்து ஃபாதர் எதுவும் தெரியாமல் வண்டியைப் பின்னால் எடுக்க, அட்டை எங்கேயோ மாட்டிக்கொண்டு சரசரவென்று பெரிய சாலை வரைக்கும் போனது. பின்னாலேயே இவர் ஓடினார். அடுத்த வாரம் ஃபாதர் கூப்பிட்டு, "கொஞ்சம் பூசை முடியிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். "ஒழுக்கு பொறுக்காது ஃபாதர்" என்றாராம் இவர். ஃபாதரின் வண்டி அந்த வாரமே சரியானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு திறமையுள்ள மனிதருக்கு வாய்தான் எதிரி. அந்த வாயால் அவர் சம்பாதித்த பெரிய பகை, என் அப்பா.

அப்பா எஸ்டேட்டில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் பிழியும் மில்லுக்குப் போய்வருவதுதான் வேலை. ஒருநாள் லோரி கிளட்ச் போய்ப் பட்டறைக்கு வந்தபோது, வேலை வாங்கும் மண்டோரும் பத்து ஆட்களும் நிற்கிற இடத்தில் அட்டைப்பெட்டி சொன்னார்: "இந்த ஆளு கிளட்ச்ச மிதிக்கல. பாம்ப மிதிக்கிற மாதிரி மிதிக்கிறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு அப்பா அவரோடு பேசுவதை நிறுத்தினார். இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே தாமான், ஒரே மளிகைக் கடை, ஒரே கல்யாணப் பந்தி. இருபது வருடம் ஒரு வார்த்தை கிடையாது. தவிர்க்க முடியாமல் பேச வேண்டி வந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். "அந்த ஆளுகிட்ட சொல்லு" என்று தொடங்குவார்கள், அந்த ஆள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

அப்பாவின் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கார். எங்கள் வீட்டு வரிசையில் பவர் ஸ்டியரிங் வைத்து வந்த முதல் வண்டி. லோரி ஸ்டியரிங்கை உடம்பு முழுக்கச் சாய்த்துத் திருப்பிப் பழகியவர், இதை ஒற்றை விரலால் திருப்ப முடிகிறது என்று கண்டபோது, வாங்கி வந்த அன்றே தாமானை மூன்று சுற்றுச் சுற்றினார். தேவையில்லாத முனைகளில் எல்லாம் திரும்பினார். அப்போதே பழைய கார்தான். என்னைவிட நாலைந்து வயதுதான் இளையது.

சில வருடங்களுக்கு முன்பு அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கால் பிழைத்தது, பேச்சு பிழைத்தது, இடது கை மட்டும் சோர்ந்து போனது. சில மாதம் கழித்து டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். ஆனால் கைக்குத் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்து அனுப்பினார்.

"நான் என்னா சின்னப் புள்ளையா, பந்து வெளையாட?" என்று அப்பா அதைப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த நாயின் தாடைக்கு வந்த பலம் கொஞ்சநஞ்சமல்ல.

இருந்தாலும் வண்டி ஓட்டினார். பவர் ஸ்டியரிங் இருந்ததால் வலது கையே போதுமாக இருந்தது. ஞாயிறுதோறும் அம்மாவை ஏற்றிக்கொண்டு தம்பின் பாசாருக்கு மீன், கீரை வாங்கப் போவதுதான் அவருக்கு வாரம் முழுவதற்குமான சாப்பாடு. ஒருநாள் திடீரென்று அதையும் நிறுத்தினார். பெட்ரோலைக் குறை சொன்னார், மழையைச் சொன்னார், பாசாரில் மீன் சரியில்லை என்றார். ஜொகூரில் இருக்கும் அண்ணன் போனில், "பழைய வண்டி எதுக்குப்பா, வித்துருங்க" என்று ஏற்கெனவே நச்சரித்துக்கொண்டிருந்தான்.

நான் சிரம்பானில் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படி ஒரு சனிக்கிழமை அப்பா வண்டியைப் பின்னால் எடுப்பதைச் சன்னலில் நின்று பார்த்தேன். வண்டி பாதி கேட்டைத் தாண்டியது. ஸ்டியரிங்கைத் திருப்பினார், முடியவில்லை. இரண்டு கையையும் வைத்துப் பார்த்தார். பிறகு வண்டியை நேராகவே உள்ளே விட்டு, இறங்கி, சாவியைக் குளிர்பதனப் பெட்டியின் தலையில் வைத்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு பாப்பா. கைதான் போச்சு. அண்ணன்கிட்ட சொல்லிரு, வித்துறலாம்."

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பா கிழவராவது எனக்குப் பெரிய துக்கமில்லை. ஆனால் வண்டி ஓட்டாத அப்பாவை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, விற்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று நானே வண்டியை எடுத்தேன். ஸ்டியரிங் கல்லாக இருந்தது. திருப்பும்போதெல்லாம் 'ஊங்' என்று முனகியது. நான் ஓட்டுவது சின்னப் புது வண்டி, அதன் ஸ்டியரிங் பார்வைக்கே திரும்பும். பழைய வண்டி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த லட்சணத்தில் எனக்கும் ஓட்டுநர் உரிமம் கொடுத்திருக்கிறார்கள்.

பத்து நிமிடத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அட்டைப்பெட்டி, அக்குளில் அட்டையோடு.

"இந்த வண்டிய இப்ப யாரு ஓட்டுனது? மாடு கத்துற மாதிரி கத்திச்சு, கடை வரைக்கும் கேட்டுச்சு."

"நான்தான் அங்கிள். அப்பாவுக்குக் கை முடியல. விக்கப் போறோம்."

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சிமெண்டுத் தரையில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு கறை.

"தங்கச்சி, இது என்னா?" என்று வீட்டுக்குள் பார்த்து அம்மாவைக் கேட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஆலாத்தித் தண்ணிண்ணே. ஆயுத பூசைக்குச் சுத்தி ஊத்துனது. அதக் கழுவக் கூடாதுன்னு அப்படியே விட்டுருக்கேன்."

"ஆயுத பூச முடிஞ்சு எத்தன நாளாச்சு?"

"மூணு மாசம் இருக்கும்லா."

"மூணு மாசமாக் காயாத ஆலாத்திய நான் இப்பத்தான் பாக்குறேன்."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கறை காயாமல் இருப்பதை அம்மா அம்மனின் அருள் என்றே நம்பியிருந்தார். மற்றவர்களுக்கும் சொல்லியிருந்தார். மூன்றாவது வீட்டு அத்தை ஒருநாள் வந்து அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டும் போனார். பவர் ஸ்டியரிங் எண்ணெய் சிவப்பாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் பூசை செய்த இடத்தில் எண்ணெயைத் தேட அவருக்கும் மனசு வரவில்லை.

அட்டைப்பெட்டி தன் வாழ்நாளில் முதன்முறையாக, மூன்று நாள் காத்திருக்காமல் போனட்டைத் திறந்தார். எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆனால் உள்ளே கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"உங்க அப்பாகிட்ட சொல்லும்மா. கை போகல. மிஞாக்தான் போயிருக்கு. எண்ணெ டப்பா காலி."

உள்ளே டிவி சத்தம் குறைந்தது.

அடுத்த நாள் நான் லீவு போட்டேன். அவர் இயந்திரப் பகுதி முழுவதையும் கழுவி, காயவைத்து, புதிதாக எண்ணெய் ஊற்றினார். பிறகு அம்மாவிடம் முகத்துக்குப் பூசும் பவுடர் கேட்டார். ஒரு டப்பா பவுடர் முழுவதையும் குழாய்களின் மேல் கொட்டினார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு பூசியதில்லை. "இப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணி, திருப்பச் சொல்லு" என்றார். அப்பா வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. பம்பிலிருந்து கீழே போகும் ரப்பர் குழாயில், இரும்பு வளையம் கடித்திருக்கும் இடத்தில், வெள்ளைப் பவுடர்மேல் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது.

"ஆள் சிக்கிட்டான்" என்றார் அட்டைப்பெட்டி.

பழைய வண்டிக்கென்று அண்ணன் எப்போதோ வாங்கி அனுப்பியிருந்த, ஊற்றினால் ஒழுக்கு தானாக அடைபடும் என்று போட்டிருந்த போத்தலைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு வேலியோரம் வைத்துவிட்டார். மோட்டாரில் கெமாஸ் வரைக்கும் போய், உடைத்த வண்டிகளின் உதிரிபாகங்களை விற்கும் கடையில் பொருத்தமான குழாய் தேடிக்கொண்டு சாயங்காலம் திரும்பினார். முகம் முழுக்கப் புழுதி, அதில் சிரிப்பு.

குழாய் மாட்டியாயிற்று, எண்ணெய் நிரப்பியாயிற்று. ஆனால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்குமாம். அதை வெளியேற்ற, முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும். அப்பா உட்கார்ந்தார். அட்டைப்பெட்டி டப்பாவுக்குள் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நடுவில்.

"எடது பக்கம் முழுசாத் திருப்பச் சொல்லு."

"அப்பா, எடது பக்கம் முழுசா."

"எனக்குக் காது கேக்குது. திருப்பிட்டேன்னு சொல்லு."

"எடது கையால திருப்பச் சொல்லு. வலது கையால திருப்புனா காத்து சரியா வராது."

அப்பா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவரை முறைத்தார். பிறகு வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் திருப்பத் தொடங்கினார். சக்கரம் அந்தரத்தில் இருந்ததால் அவ்வளவு பாரமில்லை. இருந்தும் பத்தாவது தடவையில் நெற்றி வியர்த்தது. முப்பது தடவை எண்ணி முடித்ததும் அட்டைப்பெட்டி டப்பாவை மூடினார்.

"கொஞ்சம் காத்து பாக்கி இருக்கு. சனிக்கிழம வர்றேன்னு சொல்லு."

சனிக்கிழமை வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஒவ்வொரு முறையும் முப்பது தடவை, இடது கை, கொஞ்சம் காற்று பாக்கி. நான் வராத வாரம் அம்மா நடுவில் நிற்பார். அம்மா அடுப்படியில் மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்களாம். இரண்டு மாதம் கழித்து ஜாக்கியை இறக்கினார். "இனிமே தரையில வச்சாத்தான் காத்து வரும்." நாற்பது தடவை ஆனது, பிறகு ஐம்பது. அப்பா "பொல்லாத காத்தா இருக்கு" என்று அம்மாவிடம் முணுமுணுப்பார். ஆனால் சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக எழுந்து, முகச்சவரம் செய்து, சட்டை மாற்றி வாசலில் உட்கார்ந்திருப்பார்.

இதற்கிடையில் சாவி குளிர்பதனப் பெட்டியின் தலையிலிருந்து அப்பாவின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு தம்பின் பாசாருக்குப் போனார். கங்கோங் கீரையும் இரண்டு கிலோ மீனும் வாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து ஓட்டி வந்தார். அண்ணனுக்குப் போன் செய்து வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் சிரம்பானில் என் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தபோது, பொழுது போகாமல் அந்த மெக்கானிக் பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டான்.

"காத்து எடுக்குறது அரை மணி நேர வேலக்கா. இருவது முப்பது தடவ திருப்புனா போயிரும். ஏழு மாசமாவா? அதுவும் எடது கையாலயா? எந்தக் கையால திருப்புனா என்னாக்கா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் கொடுத்த பந்தை நாய்க்குப் போட்ட மனிதரை, இந்த மனிதர் ஏழு மாதம் பயிற்சி செய்ய வைத்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை அட்டைப்பெட்டியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். முகம் மாறவே இல்லை.

"அந்தப் பையனுக்கு என்னா தெரியும்? புது வண்டி பாக்குறவன். பழைய வண்டில காத்து ஒளிஞ்சிருக்கும்மா."

சென்ற வருடம் அவருக்கு முழங்கால் மோசமானது. கிள்ளானில் இருக்கும் மகள் பிடிவாதமாகத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டாள். கொட்டகையைப் பூட்டிவிட்டு டாக்சிக்குச் சொல்லியிருக்கிறார் என்று பாய் கடையில் கேள்விப்பட்டு அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "டாக்சியெல்லாம் வேணாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லு. நான் கொண்டு போயி விடுறேன்."

புலாவ் செபாங் ரயில் நிலையம் வரைக்கும் அப்பா ஓட்டினார். அட்டைப்பெட்டி முன் சீட்டில், நான் பின் சீட்டில். வழி முழுக்க அவர் சாலையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ரயில் மேடையில் மூன்று பேரும் நின்றோம். தண்டவாளத்தைப் பார்த்தபடி அப்பா சொன்னார்:

"காத்து மொத நாளே போயிருச்சு. எனக்குத் தெரியும்."

வழக்கம்போல் அதை எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அட்டைப்பெட்டியே பதில் சொல்லிவிட்டார்.

"முப்பது வருசம் லோரி ஓட்டுனவருக்குத் தெரியாம இருக்குமா?"

"பின்ன எதுக்கு வாரா வாரம் வந்த?"

"நீங்க எதுக்கு வாரா வாரம் திருப்புனீங்க?"

ரயில் வந்தது. அப்பா அவருடைய பையை இடது கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் எழுந்து வந்தபோது அப்பா சவரம் செய்து, சட்டை மாற்றி, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையால் திருப்பித் திருப்பி, வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முடித்ததும் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஐம்பது ஆச்சுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு."

கிள்ளானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எடது கையாலதானே?" என்று முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்னும் கொஞ்சம் காத்து பாக்கி இருக்கும்னு சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். வாரா வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பதைப்போல எனக்குப் பிடித்த வேலை வேறு எதுவும் இல்லை.